விஜயதசமிப் போணி

சுயம்புலிங்கம் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து மெஷினின் பொத்தானைத் தட்டினார். மெஷின் எழுந்தது. ஆனால் எழுந்த விதம்தான் சரியில்லை.

வழக்கமாக முதலில் திரையில் மங்கலாக ஒரு வெளிச்சம் பரவும். பிறகு மேல் ஓரத்தில் இரண்டு வரி இங்கிலீஷ் வரும். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி நிற்கும், முதலாளி வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. அன்றைக்கு அந்தக் கட்டம் காத்திருக்கவில்லை. தானாகவே ‘ஏ’ என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு ‘ஏ’. பிறகு இன்னொன்று. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை முழுக்க ஏ ஏ ஏ என்று நிரம்பி, அதற்குமேல் இடமில்லாமல் மேலே நகர்ந்து நகர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

“இது என்ன கூத்து?” என்றார் சுயம்புலிங்கம். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் சத்தமாகப் பேசும் பழக்கம் அவருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் டி.வி. வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். ஆனால் அது தெருவுக்குத் தெரியாது. மாடியில் ஒரு பெரிய டைப்ரைட்டர் மேல் ஒரு சின்ன டி.வி.யைத் தூக்கி வைத்துத் தகரத்தால் மூடியது போல ஒரு வஸ்து இருப்பது தெரிந்தால் தெருவே படியேறி வந்திருக்கும். வந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. சிலர் அப்படித்தான். தனிமையைக் கரித்துக் கொட்டுவார்கள், கதவையும் தாழ் போட்டுக்கொள்வார்கள்.

மனைவி சண்முகவடிவு இறந்து ஒரு வருஷம் கழித்து, அம்மாவின் தலைத்திவசத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பொன்ராஜ்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்தான். ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெட்டியைப் பிரித்தபோது முகமெல்லாம் பல்லாக நின்றான்.

“இன்னும் பத்து வருஷத்துல வீட்டுக்கு வீடு இதுதாம்ப்பா இருக்கும்.”

“இருக்கட்டும்லே. இதை வச்சு நான் என்ன செய்ய?”

கணக்குப் போடலாம் என்றான் பிள்ளை. அப்பா ஜவுளிக் கடையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு சாயங்காலம் மெஷின் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டினான். தட்டியதை ஒரு பாட்டு கேசட்டில் பதிந்து வைத்தான். பொத்தானைத் தட்டுவது, கட்டம் மின்னும்வரை பொறுப்பது, கேசட்டைப் போடுவது, நாலு எழுத்தைத் தட்டுவது என்று அப்பாவுக்குப் பழக்கிக் கொடுத்தான்.

கேசட் ஓடி முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். எழுத்து இங்கிலீஷ், பாஷை தமிழ்.

‘அப்பா, சாப்டாச்சா?’

சுயம்புலிங்கம் ஒற்றை விரலால் தேடித் தேடி ‘ஆச்சு’ என்று அடிப்பார். உடனே பதில் வரும்.

‘நல்லது அப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க.’

அவ்வளவுதான் சமாசாரம். இதற்கா கடல் தாண்டி ஒரு மெஷின் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் முதல் வாரம் அப்படித்தான் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. விளக்கு வைத்ததும் மெஷின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போடுவார். மெஸ்ஸிலிருந்து வரும் கேரியரை அவர் திறந்திருக்கவும் மாட்டார், கேள்வி வரும், ‘ஆச்சு’ என்பார், ‘நல்லது’ என்று அது சொல்லும், அதன் பிறகு எழுந்து போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க வேறு நாதியில்லை. அது கேட்காவிட்டால் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது உலகத்தில் ஒருவருக்கும் ஒரு விஷயமே இல்லை.

அப்படிப்பட்ட மெஷின்தான் இன்று ஏ ஏ என்று கத்துகிறது. அதுவும் விஜயதசமியன்று!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சுயம்புலிங்கத்தின் அப்பா சாத்தான்குளத்தில் துணி மூட்டை தூக்கி விற்ற காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆயுதபூஜையன்று தொழில் சாமான்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டால் அன்றைக்கு அவற்றைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் கடை திறந்து, முதல் துணியைக் கிழித்துப் போணி ஆகும்வரை முதலாளி வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. இவர் கடையில் உட்கார்ந்த காலம் முழுவதும் அதை மீறியதில்லை. இப்போது கடை இல்லை. அதற்காக வழக்கத்தை விட்டுவிட முடியுமா? வீட்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த ஒரே தொழில் சாமான் மெஷின்தான். அது எழுந்து கேள்வி கேட்பதுதான் இந்த வருஷப் போணி என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

முந்தின நாள் பூஜையிலும் அவர் குறை வைக்கவில்லை. கடையிலிருந்து நினைவாக எடுத்து வந்த பெரிய கத்தரிக்கோலையும் பித்தளைக் கஜக்கோலையும் மெஷின் பக்கத்தில் சார்த்தினார். பூ வைத்தார், பொரி கடலை வைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார். சந்தனத்தைக் கல்லில் தானே அரைத்தார். மெஷினுக்கு மொத்தமாக ஒரு பொட்டு வைத்தால் போதாதா? கடையில் கத்தரிக்கோல், கஜக்கோல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்துப் பழகிய கை அது. எழுத்துப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். எந்த எழுத்துக்கும் மனக்குறை வரக்கூடாது பாருங்கள். இன்று காலையில் ஈரத்துணியால் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் பொத்தானைத் தட்டினார்.

ஏ ஏ என்று கத்துகிற மெஷினை அணைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். ஏ ஏ ஏ. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஏ ஏ ஏ. அமெரிக்கக் கரண்டு வேறு, நம் கரண்டு வேறு என்பதால் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் என்பான் பொன்ராஜ். அதில் காதை வைத்துக் கேட்டார். வண்டு மாதிரி எப்போதும் போல ரீங்காரம் போட்டது. ஒருவேளை கேசட் கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். கேசட் போடாமலே கத்துகிற மெஷினுக்குக் கேசட் என்ன செய்யும் என்று தோன்றியதும் திருப்பி வைத்தார். ரேடியோவைத் தட்டுவது போல மண்டையில் லேசாக ஒரு தட்டும் தட்டிப் பார்த்தார். தட்டிய பிறகு, அடித்துவிட்டோமே என்று தடவிக் கொடுத்தார்.

உட்கார்ந்து ஓடுகிற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. இங்கிலீஷில் ‘அப்பா’ என்று எழுத முதல் எழுத்து ஏ. அது ‘அப்பா’ என்று கூப்பிடத்தான் பார்க்கிறது. முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டு திக்குகிறது.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அவர் சிரிக்கவில்லை. “இருலே, இரு. பதறாத,” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மெஷினை அணைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வடபழனிக்கு பஸ் ஏறினார்.

வடபழனி டிப்போவுக்கு எதிரே அக்பர் பாஷா ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்க்கிறவன். ஜவுளிக் கடையில் இருந்த ரேடியோவைப் பல வருஷம் உயிரோடு வைத்திருந்தவன் அவன்தான். வேறு யாரிடம் போவது என்று சுயம்புலிங்கத்துக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பட்டுப்பாவாடையும் புது டிராயருமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டம். நெல்லில் முதல் எழுத்து எழுதிக் காட்டுகிற நாளல்லவா. அவர் வீட்டு மெஷினும் காலையிலிருந்து முதல் எழுத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. கை பிடித்து அடுத்த எழுத்துக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். பசி வேறு காதை அடைத்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் இறங்க எழுந்தபோது, “உக்காருங்க பெரியவரே, மொகம் வெளுத்திருக்கு,” என்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றார் இவர்.

பாஷா கடையைப் பாதி திறந்து வைத்திருந்தான். பலகையில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

“இன்னா மொதலாளி, நல்ல நாளும் அதுவுமா நீயே தேடிக்கினு வந்துக்கீறே? ஆள் வுட்டா நான் வந்திருக்க மாட்டனா?”

அனுப்ப ஆள் இல்லை என்று சுயம்புலிங்கம் சொல்லவில்லை. மெஷினைப் பற்றிச் சொன்னார். பாஷா தலையைச் சொறிந்தான்.

“கம்ப்யூட்டரா? பேரு கேட்டுக்கீறேன், மூஞ்சப் பாத்ததில்ல. நான் இன்னா மொதலாளி பண்ணப் போறேன்?”

“சும்மா வந்து பாரும் பாய். கூட ஒரு ஆள் நின்னு பாத்தாலே போதும்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. பாஷா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, பையில் ஸ்குரூ டிரைவரும் பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

மாடிக்கு வந்து மெஷினைப் பார்த்ததும் பாஷா செருப்பைக் கழற்றிவிட்டான். பிறகு அவனும் அதே வரிசையில்தான் போனான். பிளக், வயர், டிரான்ஸ்ஃபார்மர். டெஸ்டரை வைத்துப் பார்த்து, “கரண்டு சரியா கீது,” என்றான். போட்டார்கள். ஏ ஏ ஏ. அணைத்தார்கள். போட்டார்கள். ஏ ஏ ஏ. பாஷா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இது இன்னா நைனா, இம்மா நேரமா ஒரே எழுத்தைப் புடிச்சிக்கினு தொங்குது?” என்றான். சுயம்புலிங்கம் தன்னுடைய திக்குவாய் யோசனையைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார்.

மெஷின் வெகுநேரம் ஓடியதில் சூடேறியது. சூடேற ஏற ஒரு வாசனை வந்தது. பாஷா மூக்கை உறிஞ்சினான்.

“மிஷின் தீயுற வாசனை எனக்குத் தெரியும். இது அது இல்ல. கோயில் வாசனை மாதிரி கீதே?”

சுயம்புலிங்கம் நின்ற இடத்தில் நின்றார். நல்ல மைசூர்ச் சந்தனம். கையாலேயே அரைத்தது. மெல்லக் குனிந்து ‘ஏ’ பொத்தானை நகத்தால் தொட்டுப் பார்த்தார். மற்றவை அமுக்கினால் போய்த் திரும்பி வந்தன. அது அமுங்கியபடியே கிடந்தது. மேலே துடைத்தது மேலே போனது. பொத்தானுக்குப் பக்கவாட்டில் வழிந்து உள்ளே இறங்கியது இறுகிப் பிடித்திருக்கிறது. காலையில் ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்தாரே, அப்போது உள்ளே போன பொத்தான் எழவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

“பாய்,” என்றார். “நேத்துப் பூசைக்கு... எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன்.”

“எல்லாத்துக்கும்னா?”

“ஒவ்வொரு எழுத்துக்கும்.”

பாஷா அவரைப் பார்த்தான், பொத்தான்களைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. சுயம்புலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாடியில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

“ஏன் வெச்சேன்னு கேக்க மாட்டேன் நைனா. ஆனா எங்கூட்டு டேப்புக்கெல்லாம் பொட்டு பொட்டிமேலதான். உள்ள வெச்சா சாமியே பூந்து குந்திக்கும்.”

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பொத்தான் இடுக்குகளில் விட்டு எடுத்தார்கள். பஞ்சு மஞ்சளாக வந்தது, சிவப்பாக வந்தது. ‘ஏ’ பொத்தானை பாஷா ஸ்குரூ டிரைவரால் நெம்பப் போனபோது சுயம்புலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நகத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, தரையிலிருந்தும் போய்விட்டது. டக்கென்று ஒரு சத்தத்தோடு பொத்தான் மேலே எழுந்தது.

மெஷினைப் போட்டார். வெளிச்சம் பரவியது. இரண்டு வரி வந்தது. அதற்குக் கீழே கட்டம் மின்னி மின்னி, சமர்த்தாக நின்றது. கேசட்டைப் போட்டு நாலு எழுத்தைத் தட்டினார். டேப் சுற்றியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

‘அப்பா, சாப்டாச்சா?’

சுயம்புலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. விரல் பழக்கதோஷத்தில் ‘ஆச்சு’ அடிக்கப் போனது. பாதி வழியில் நின்றது. நல்ல நாளில், போணியில் பொய் சொல்லலாமா? விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல அவருக்கு ஆசை வந்தது. ‘இல்லை’ என்று அடித்தார்.

‘நல்லது அப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க.’

தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்தார். மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து ‘இல்லை’ என்று அடித்தார். ‘நல்லது அப்பா’ என்றது. இன்னொரு தடவை ஓட்டி, ‘பசிக்கு’ என்று அடித்தார். ‘நல்லது அப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க.’

“இன்னா நைனா சொல்லுது?” என்றான் பாஷா. அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது.

“நல்லதுன்னு சொல்லுது.”

“அப்ப மிஷின் சரியாய்ட்ச்சு.”

“ஆமா. சரியாத்தான் இருக்கு.”

பிள்ளைமேல் கோபம் பொங்கியது. படுபாவி, அத்தனை படித்தவனுக்கு இன்னொரு பதில் எழுதி வைக்க என்ன கேடு? அப்பன் சாப்பிடவில்லை என்று சொன்னால் ‘ஏன்’ என்று கேட்க ஒரு வரி எழுதக் கையா வலித்தது? எது சொன்னாலும் நல்லது, எது சொன்னாலும் நல்லது!

பாஷா கை கழுவிக்கொண்டு வந்தான். பூஜைப் பொரியில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து, “பிள்ளைகளுக்குக் குடும்,” என்று கொடுத்தார். வாங்கிக்கொண்ட பாஷா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

“மூஞ்சி ஏன் வாடிக்கினு கீது? நீ சாப்ட்டியா நைனா?”

“ஆச்சு,” என்றார் சுயம்புலிங்கம்.

“நல்லது,” என்று பாஷா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

அவன் செருப்புச் சத்தம் பாதிப் படி போன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். யோசித்துச் சொன்ன பொய்யா அது? கேட்டால் வந்துவிடுகிறது. சண்முகவடிவு உயிரோடு இருந்தபோதும் கடையில் பசியோடு உட்கார்ந்துகொண்டே போனில் ‘ஆச்சு’ என்றவர்தான். அவளை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம், டிரங்க் காலில், கடலுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே பொன்ராஜ் ‘சாப்டாச்சாப்பா?’ என்று கேட்டபோதும் இதே வாய் ‘ஆச்சுலே’ என்றுதான் சொன்னது. ‘நல்லதுப்பா’ என்றான் அவன். வேறு என்ன சொல்வான்? அப்பாவிடமிருந்து வேறு ஒரு பதிலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கேட்காத பதிலுக்கு மெஷினில் எப்படி வரி எழுதுவான்?

சுயம்புலிங்கம் மொட்டைமாடிச் சுவருக்கு ஓடினார். கீழே பாஷா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.

“பாய்!”

பாஷா நிமிர்ந்தான். “இன்னா நைனா?”

நான் சாப்பிடவில்லை. இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே மாட்டிக்கொண்டது. தொண்டையில் முதல் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப இடித்தது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“இன்னா, சொல்லு நைனா?”

“ஒண்ணுமில்ல. பாத்துப் போம்.”

“சரி நைனா,” என்று பாஷா கையை ஆட்டிவிட்டுப் போனான். ஸ்கூட்டர் உஸ்மான் ரோட்டு இரைச்சலில் கலந்து மறையும்வரை அவர் அங்கேயே நின்றார்.

உள்ளே வந்தார். பண்டிகைக்கு மெஸ் லீவு. தட்டில் மிச்சம் இருந்த பொரியையும் கடலையையும் தேங்காய்த் துண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, மெஷின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். பொரி நமுத்துப் போயிருந்தது. கடைசிப் பருக்கைவரை மென்று விழுங்கி, செம்புத் தண்ணீரைக் குடித்து, வேட்டியில் கையைத் துடைத்தார். பிறகு மெஷினை முதலிலிருந்து ஓட்டி, கேள்வி வரும்வரை காத்திருந்தார்.

‘அப்பா, சாப்டாச்சா?’

‘ஆச்சு’ என்று அடித்தார். இந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

‘நல்லது அப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க,’ என்றது மெஷின். அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.